சிவப்பு மஷ்ரூம் கல்லை விட்டுக் கழன்றுவிட்டது

புதுத்தொட்டி:
என் 90 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரே ஒரு சிவப்பு டிஸ்கோசோமா, அதாவது மஷ்ரூம் பவளம். உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடந்தது, இப்போது சட்டைப் பொத்தான் அளவுதான். போன மாதம் புது எல்இடி மாட்டினேன். நன்றாகத் தெரியட்டுமே என்று கல்லோடு தூக்கிப் பாறை உச்சியில் வைத்தேன். மூன்றே வாரத்தில் கல்லை விட்டுக் கழன்று மணலில் உருண்டது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். காலையில் பசை இருக்கிறது, ஆளைக் காணோம். பம்புக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். வெப்பம் 26 டிகிரி, உப்படர்த்தி 1.025, நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். கால்சியமும் தவறாமல் ஊற்றுகிறேன். இதற்கு மேல் என்ன வேண்டுமாம் இதற்கு?

உப்புக்கை:
கொஞ்சம் அழுக்கு வேண்டும். கிண்டல் இல்லை. அதன் உடம்புக்குள் இருக்கும் பாசிதான் அதற்குச் சமைத்துப் போடுகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேவை. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருக்கட்டும். நுரையோடு அழுக்கை வெளியேற்றும் ஸ்கிம்மரை ராத்திரி மட்டும் ஓட்டுங்கள். கால்சியம் இதற்கு வீண் செலவு. பவளம் என்கிறோமே தவிர, மஷ்ரூமுக்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது.

உச்சி வெளிச்சமும் வேகமான நீரோட்டமும் பிடிக்காமல்தான் இறங்கி ஓடியிருக்கிறது. பசை அந்தக் கோழையில் நிற்காது, நானும் மூன்று முறை தோற்றவன். சின்ன டப்பாவில் நொறுங்கிய பாறைத் துண்டுகளைப் போட்டு, மஷ்ரூமை மேலே விட்டு, வாயில் வலை கட்டி ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். தொட்டியின் அடியில், மங்கலான மூலையில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் தானே ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை தினமும் வலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். (பார்ப்பீர்கள், தெரியும்.)

அப்புறம், பழைய கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டீர்களா?

சுருக்குப்பை:
சாப்பாடு ஊட்டினால் சீக்கிரம் தேறும் என்று யாராவது சொல்வார்கள். இப்போது வேண்டாம். சுருங்கிய மஷ்ரூம் வாங்காது, மிச்சம் டப்பாவுக்குள்ளேயே அழுகும்.

இன்னொன்று: இது பிழைத்த தெம்பில் அடுத்து யானைக்காது என்ற பெரிய மஷ்ரூமை வாங்கிவிடாதீர்கள். என் கோமாளி மீன் அதைத் தான் வழக்கமாகத் தங்கும் அனிமோன் (கடல் சாமந்தி) என்று நம்பிப் படுத்தது. ஒரு ராத்திரி யானைக்காதின் ஓரமெல்லாம் சுருக்குப் பை மாதிரி மேலே கூடி மூடியிருந்தது. திறந்தபோது மீன் இல்லை.

புதுத்தொட்டி:
டப்பாவுக்குள் வைத்துவிட்டேன், ஸ்கிம்மரும் பகலில் ஓய்வு. கல்லைக் கழுவவில்லை அண்ணா, சோம்பல்தான் காரணம். நீங்கள் கேட்ட பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய இடத்தில் மிளகளவில் சிவப்பாக இரண்டு புள்ளி. அதுவா?

உப்புக்கை:
அதுவேதான். கழன்றபோது காலில் கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது, அதிலிருந்து குட்டி. சோம்பல் வாழ்க. அந்தக் கல்லையும் நிழலுக்கு இறக்குங்கள், வலையெல்லாம் வேண்டாம்.