மேக்பெத் விருந்துக் காட்சி: உங்களுக்கு எப்படிப் பிடிபட்டுச்சு?

அம்பாசமுத்திரத்துக்காரன்:
பாளையங்கோட்டையில பி.ஏ. இங்கிலீஷ் படிச்சேன். ராஜாவைக் கொன்னு பட்டத்துக்கு வந்தவன் கதை, ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம்னாலே வகுப்புல ரெண்டு காட்சியைத்தான் உருகி உருகி நடத்துவாங்க. ஒண்ணு, அந்தரத்துல தொங்குற கத்தி. இன்னொண்ணு, அவன் பொண்டாட்டி லேடி மேக்பெத் தூக்கத்துல கை கழுவுறது. எனக்கு நாடகம் பிடிபட்டது மூணாம் அங்கம் நாலாம் காட்சியில, அந்த விருந்துலதான்.

கூடவே இருந்த தளபதி பாங்கோவைத் தீர்க்க ஆளையும் பேசிவச்சிக்கிட்டு, "ராத்திரி விருந்துக்குத் தவறாம வந்துரணும்"னு மேக்பெத் அவன்கிட்டயே சொல்லுதான். அவனும் வாரேன்ங்கான். சொன்ன சொல் தவறலயே! தலையில இருபது வெட்டோட பள்ளத்துல கிடந்தவன் பேயா வந்து மேக்பெத் இடத்துலயே உக்காருதான். 1623ல அச்சான பதிப்புல மேடைக்குறிப்பே அப்படித்தான் இருக்கு. 1611ல லண்டன் குளோப் அரங்கத்துல நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன்ங்கிற ஜோசியரும் அந்த நாற்காலியைத்தான் மறக்காம எழுதி வச்சிருக்கார்.

சுடலை கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவனுக்கு இதுக்கெல்லாம் கைடு எதுக்கு? வெட்டுப்பட்டவன் சும்மா போகமாட்டான், படைப்பு கேட்டு வருவான். சொரிமுத்தையனார் கோயில்ல செருப்பு நேர்ந்து போடுதோமே பட்டவராயனுக்கு, அவரே மாடு களவாங்க வந்தவங்க கையில செத்த முத்துப்பட்டன்தானே. இங்க செத்தவன் சாமியா இறங்கி ஊர் கேக்கப் பேசுவான். கேட்டதைக் கொடுத்து, பீடம் போட்டுக் கும்பிட்டுருவோம். அங்க பாங்கோ, கொல்லச் சொன்னவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுது, வாயே திறக்கல, ஒண்ணும் கேக்கல. என்னத்தைக் கொடுத்து அனுப்ப?

தென்காசி டீச்சர்:
நான் இதை நடிக்கவச்சுத்தான் நடத்துவேன். பேயை மேடையில காட்டணுமா, காலி நாற்காலி போதுமான்னு பிள்ளைகளுக்குள்ள பெரிய சண்டை வரும். நான் காலி நாற்காலி கட்சி. மேக்பெத் வெறும் பலகையைப் பார்த்து அலறும்போதுதான் விருந்தாளி கண்ணால நாமளும் பார்க்கிறோம்.

ஆனா என் கண்ணு லேடி மேக்பெத் மேலதான். "உக்காருங்க, அவருக்குச் சின்ன வயசுல இருந்தே அப்பப்ப இப்படி வரும்"னு சொல்லிச் சமாளிக்கிறா பாருங்க. ஒரு பிள்ளை எந்திரிச்சு, "டீச்சர், விசேஷ வீட்டுல எங்கப்பா குடிச்சிட்டுச் சலம்புனா, அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு எங்கம்மா இப்படித்தான் சொல்லுவா"ன்னுச்சு. வகுப்பு கப்சிப்னு ஆயிட்டு. அன்னைக்கு நான் அதுக்கு மேல விளக்கம் சொல்லல.

இன்னொண்ணையும் கவனிங்க. காட்சி தொடங்கும்போது அவரவர் தகுதிப்படி உக்காரச் சொல்லுதான் மேக்பெத். முடியும்போது, முறையெல்லாம் பார்க்காம உடனே கிளம்புங்கன்னு அவ விரட்டுதா. பதவி ஆசையில முறையை மீறுனவன் வீட்டுப் பந்தியிலயே முறை போச்சு.

வள்ளியூர் தம்பி:
அண்ணாச்சி, ஒண்ணும் கேக்கலன்னு எப்படிச் சொல்லுதிய? உக்கார்ந்த இடத்தைப் பாருங்க, ராஜாவோட இடம்! பாங்கோ ராஜா ஆகமாட்டான், அவன் வம்சம் ஆளும்னு சூனியக்காரிக முதல்லயே சொல்லிட்டாளுக. மேக்பெத், பாங்கோ மகனையும் சேர்த்துக் கொல்ல ஆள் ஏவுனது அதுக்குத்தானே. மகன் ஃப்ளியன்ஸ் தப்பிச்சிட்டான். நாலாம் அங்கம் முதல் காட்சியில எட்டு ராஜா வரிசையா வாராங்க. பாங்கோ ரத்தத்தோட நின்னு சிரிச்சிக்கிட்டே, இவங்க என் ஆளுகன்னு கையைக் காட்டுதான். அப்ப இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸே பாங்கோ வழி வந்தவர்னுதான் அன்னைக்கு நம்பிக்கை. பரீட்சைக்கு எழுதுறவங்க இந்த ரெண்டு காட்சியையும் சேர்த்து எழுதுங்க.