கைத்திறனுக்கு யார் விலை வைக்கிறார்கள்? மலையில் கண்டதை எழுதுங்கள்

கட்டபெட்டுக்காரன்:

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயி நான். எரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அண்மையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாட்டின் உற்பத்தித்திறன் ஏன் உயரவில்லை என்று பேச வந்தவர் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்: தொழிலாளருக்குத் திறன் போதவில்லை. 2015ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கையின் எண்களையும் திரையில் காட்டினார். முறையான திறன் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இந்தியாவில் 4.69 விழுக்காடு, அமெரிக்காவில் 52, ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96.

எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி என் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் பயிற்சி இல்லாதவர்கள். பக்கத்து வரிசைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, இரண்டு இலை ஒரு கொழுந்தை மட்டும் கிள்ளி, அடுத்த சுற்றுக்கு வர வேண்டிய துளிரைச் செடியிலேயே விட்டுவிட்டு நகர்கிறவர்கள் அவர்கள். சான்றிதழ் கேட்டால் ரேஷன் கார்டைத்தான் காட்டுவார்கள்.

எடை போடும் இடத்தில்தான் வேடிக்கை. கையால் எடுத்த என் இலையும், இயந்திரத்தால் வெட்டிய அடுத்த தோட்டத்து இலையும் ஒரே தராசில், ஒரே விலைக்குப் போகின்றன. இயந்திரம் வெட்டியதில் காம்பும் முற்றல் இலையும் பாதி. ஒருவர் கையால் ஒரு நாளில் இருபது முப்பது கிலோ எடுத்தால், இயந்திரம் அதைப்போல் பல மடங்கு வெட்டிப் போடும். கூலியைக் கழித்துப் பார்த்தால் எனக்கு எது மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். திறமையானவரை வைத்துக்கொண்டால் நட்டம் என்கிற தொழிலில், திறமை இல்லை என்று யாரைக் குறை சொல்வது?

உங்கள் தொழிலில் திறமை எங்கே கூலியாக மாறியது, எங்கே மாறவில்லை? நடந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம்.

கூடலூர்ப் பேத்தி:

எங்கள் குடும்பத்துத் திறமை கப்பலில் வந்தது, அண்ணா. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அவர்களில் என் தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். தலைமன்னாரில் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள். தாத்தாவுக்குக் கவாத்து வெட்டத் தெரியும். எந்தக் கிளையை எந்தச் சரிவில் வெட்டினால் செடி மேசைபோல் விரிந்து துளிர்விடும் என்பதை ஹட்டன் பக்கத்து மலையில் அவருடைய அப்பாவிடம் கற்றவர். பாட்டி கொழுந்துக்காரி.

இங்கே அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? சமவெளி மாவட்டம் ஒன்றில் வியாபாரக் கடன். பெட்டிக்கடை வைக்கச் சொன்னார்கள். வாழ்நாளில் தராசு பிடித்தறியாத மனிதர் அவர். கடனுக்குச் சரக்கு கொடுத்தார், வசூலிக்கத் தெரியவில்லை, கடை மூடிற்று. இப்படித் தோற்ற குடும்பங்கள் ஏராளம். யாரும் சொல்லாமல், யாரும் டிக்கெட் எடுத்துக் கொடுக்காமல், தாமாகவே நீலகிரிக்கு ஏறி வந்தவர்கள் அவர்கள். அரசு இவர்களுக்காகவே 1968இல் இங்கே தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் அதை டான்டீ என்ற கழகமாக்கியது உண்மைதான். அதில் வேலை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். எங்கள் தாத்தா அந்தப் பட்டியலில் இல்லை. கோத்தகிரியில் தினக்கூலியாகத் தொடங்கி, கூடலூரில் வந்து நின்றார்.

ஒருவரிடம் திறமை இருக்கிறதா என்று ஆராய்வதற்கு முன்னால், அவரை எங்கே கொண்டுபோய் உட்காரவைத்தோம் என்று பார்க்க வேண்டாமா? சமவெளியில் தாத்தா திவாலான கடைக்காரர். ஆறாயிரம் அடி உயரத்தில் அதே மனிதரைக் கவாத்துக்குக் கூப்பிட வீடு தேடி வந்தார்கள்.

பல்சக்கரம்:

பேத்தி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் மலை ரயிலில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் ரயில் வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். என்ஜின் இங்கே இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். உயரழுத்த உருளைகள் சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, அங்கே வேலை முடித்த நீராவி தாழ்வழுத்த உருளைகளுக்குப் போய், தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்சட்டத்தில் ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அவரைக் கொடி அசைக்கிறவர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இறக்கத்தில் அவர் கை எப்படி அழுத்துகிறது என்பதில்தான் அவர்கள் உயிர் இருக்கிறது.

ஐடிஐ முடித்து வரும் பையன்கள் கெட்டிக்காரர்கள். லேத் தெரியும், வெல்டிங் தெரியும், வரைபடம் படிப்பார்கள். ஆனால் நீராவி கசிகிற சத்தத்தை வைத்து எந்த மூட்டில் கோளாறு என்று சொல்ல, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் பல மழைக்காலம் நிற்க வேண்டும். எங்களில் யாரும் அதை எழுதிவைக்கவில்லை. எழுத உட்கார்ந்தாலும் சத்தத்தை எப்படி எழுதுவது? திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த வழிக்கென்று புதிதாகவே நீராவி என்ஜின் செய்தார்கள். செய்ய முடிந்ததற்குக் காரணம், பழையதைப் பிரித்து மாட்டிய கைகள் இன்னும் வேலையில் இருந்ததுதான்.

இருந்தும் என் மகன் இந்த வேலைக்கு வர விரும்பியபோது நான் தடுத்துவிட்டேன். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில், பெருமைதான். ஆனால் இந்தத் திறமையை விலைக்கு வாங்க நாட்டில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அவனைக் கோவைக்கு அனுப்பி லேத் படிக்கவைத்தேன். இன்று பம்ப் தொழிற்சாலையில் இருக்கிறான். வேலை பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை.

இந்துநகர்வாசி:

ஐயா, நீங்கள் மகனைத் தடுத்தது ஏன் என்று எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் அப்பா ஊட்டி பிலிம் தொழிற்சாலையில் இருந்தவர். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் உருவான நிறுவனம். 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் மலைக்கு வந்தது. அப்பாவுக்குப் பூச்சுப் பிரிவில் வேலை. வெள்ளி உப்பு கலந்த கூழைப் பிலிமின்மேல் சீராகப் பூச வேண்டும்; ஒளி பட்டால் எல்லாம் பாழ். ஆகவே இருட்டில் வேலை. எந்த வால்வு எங்கே, எந்தக் கதவு எத்தனை அடி என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் மின்சாரம் போனால் எங்கள் அப்பா மட்டும் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பார். அம்மா அதற்காகவே அவரைக் கேலி செய்வாள்.

டிஜிட்டல் கேமரா வந்தது. உலகத்துக்கே பிலிம் விற்ற கோடாக் 2012இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. ஊட்டி எம்மாத்திரம்? நான் தொழிற்சாலையைக் குறை சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு யார் யாருக்கு வேலை கிடைத்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதைச் சொல்கிறேன். குளிரூட்டி மெக்கானிக்கை உடனே கூப்பிட்டுக்கொண்டார்கள். கொதிகலன் இயக்கச் சான்றிதழ் வைத்திருந்தவர் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போனார். எலக்ட்ரீஷியன்களுக்குக் கவலையே இல்லை. பூச்சுப் பிரிவில் இருந்தவர்கள்தான் தொழிற்சாலையிலேயே நுணுக்கமானவர்கள். அவர்கள் வாட்ச்மேன் வேலை தேடினார்கள்.

கட்டபெட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அப்பாவின் திறமைக்கு நல்ல விலை கிடைத்தது, வாங்குகிறவர் இருந்தவரை. ஐம்பது வயதில் வேறு தொழில் கற்றுக்கொள்ள அவருக்கு மனம் இருந்தது. சேர்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. எல்லாப் பயிற்சியும் இளைஞருக்கே.

ஊட்டி விடுதிக்காரர்:

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். சின்ன விடுதி. பையன் வருவான், பேசுவது, படுக்கை விரிப்பது, கணினியில் அறை பதிவு செய்வது எல்லாம் நான் கற்றுக்கொடுப்பேன். ஏப்ரல், மே சீசன் முடிந்ததும் கோவைப் பெரிய ஓட்டல் ஒன்று இரண்டாயிரம் கூடக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். பயிற்சிச் செலவு எனக்கு, பயிற்சி பெற்ற ஆள் அவர்களுக்கு. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தொழில் பழகுநர்களை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் போன்றவருக்கு அது கட்டாயம் இல்லை, விருப்பம்தான். எனக்கு விருப்பம் போய்விட்டது. இப்போது வேலை தெரிந்த ஆளைத்தான் எடுக்கிறேன். வேலை தெரிந்த ஆள் எங்கிருந்து உருவாவான் என்று கேட்காதீர்கள்.

கரும்பலகை:

கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன், இரண்டே வரி. வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் அளவுக்கு வேளாண்மையில் இருக்கிறார்கள், அவர்கள் உண்டாக்கும் மதிப்போ நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு பக்கம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிடப் பட்டதாரிகளிடையே வேலையின்மை அதிகம் என்று அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறது. பயிற்சி மட்டும் குறை என்றால் இந்த இரண்டாவது எண் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? விடுதிக்காரர் சொன்ன சிக்கலுக்கு ஜெர்மனியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொழில் வர்த்தக சபைகளே தேர்வு நடத்துகின்றன. முதலாளிகள் பலரும் பயிற்சி கொடுப்பதால் ஒருவர் வளர்த்த ஆள் இன்னொருவரிடம் போனாலும் ஈடாகிவிடுகிறது.

வாடுதொட்டி:

கட்டபெட்டுக்காரருக்கு யாராவது தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வராததால் நானே எழுதுகிறேன். விவசாயிகளிடம் இலை வாங்கும் ஆலை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறேன்.

ஒரே விலை ஏன்? லாரி ஒன்றுதான். உங்கள் ஊரிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குள் எத்தனையோ தோட்டத்து இலை அதில் கலந்துவிடுகிறது. எல்லாம் ஒரே தொட்டியில் வாடுகிறது. இளம் கொழுந்தும் முற்றல் இலையும் வாட எடுத்துக்கொள்ளும் நேரமே வேறு. ஒன்று பக்குவமாகும்போது இன்னொன்று விறைப்பாகவே இருக்கும். பிறகு இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி ரோலரில் போகிறது. ரோலரின் பல்லைத் தீட்டுகிறவர் எங்களிடம் ஒருவர் இருக்கிறார். அவர் விடுப்பில் போன வாரம் ஏலத்து விலையிலேயே தெரியும். நொதித்தலில் டீ மேக்கர் மூக்கை வைத்து முடிவு செய்கிறார். இத்தனை பேர் திறமை காட்டியும், வந்த இலை முற்றலாக இருந்தால் குன்னூர் ஏலத்தில் கிடைக்கும் விலை அதற்குத் தகுந்ததுதான்.

நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். ஏல விலையின் அடிப்படையில் 65க்கு 35 என்று விவசாயிக்கும் ஆலைக்கும் பங்கு. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிப்பதும் மாவட்டச் சராசரி விலையை வைத்துத்தான். இதில் ஒருவர் மட்டும் நல்ல இலை கொடுத்தால், அந்த நன்மை லாரியில் இருக்கும் எல்லாருக்கும் பகிர்ந்துபோகும். மோசமான இலை கொடுத்தாலும் அப்படியே. சராசரிக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்றால் யார் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள்?

மாற்ற முடியாதது அல்ல. கூடைக்குக் கூடை நூறு கிராம் மாதிரி எடுத்து, இளசு எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று பிரித்து எடை போட்டால் போதும். இலையைக் கிழிக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தூளும் பச்சைத் தேயிலையும் செய்கிற சிலர் கை இலைக்குத் தனி விலை கொடுத்துத் தனியாகவே வாங்குகிறார்கள். எங்கள் ஆலையில் நான் இதைச் சொன்னபோது முதலாளி மறுக்கவில்லை. "பிரித்துப் பார்க்க ஆள் வேண்டுமே, அவருக்குக் கூலி யார் கொடுப்பது?" என்றார்.

கோத்தகிரி கத்தரி:

எல்லாரும் எழுதிவிட்டீர்கள், கொழுந்து எடுக்கிறவள் யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

இயந்திரம் வந்தபோது அதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் தூக்கும் இயந்திரம், எடை அதிகம் என்றார்கள். சரி. பிறகு ஒருவரே பிடிக்கிற பேட்டரிக் கத்தரி வந்தது, முதுகுச் சுமையைவிட லேசானது. அதற்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இயந்திரம் பிடிப்பவருக்குக் கிலோக் கணக்கில் கூலி, பின்னால் நின்று காம்பு பொறுக்கும் எங்களுக்கு நாள் கூலி. எந்த உயரத்தில் வெட்டினால் அடுத்த துளிர் கெடாது என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஜார்க்கண்டிலிருந்து வந்தவன். தமிழ் தெரியாது, ஆனால் கையைக் காட்டினால் புரிந்துகொள்வான். இப்போது நன்றாகவே வெட்டுகிறான். அவன்மேல் எனக்குக் குறை இல்லை.

எங்கள் ஊரில் கத்தரிக்குப் பயிற்சி முகாம் போட்டார்கள். போனேன். நிலப் பட்டா நகல் கேட்டார்கள். என்னிடம் ஏது பட்டா? தோட்டக்காரர் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். சான்றிதழும் அவர் பெயரில்தான் வந்தது. அவர் கத்தரியைத் தொட்டது படம் எடுக்கும்போது மட்டும். முதலில் காட்டிய 4.69இல் எங்கள் முதலாளியும் ஒருவராக இருப்பார் என்று நினைக்கிறேன்.

வாடுதொட்டி அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன். நூறு கிராமில் இளசையும் முற்றலையும் பிரிக்க ஆள் இல்லை என்று உங்கள் முதலாளி சொன்னாரே, அந்த வேலைக்கு எங்களில் ஒருத்தியைக் கேட்டுப் பார்த்தீர்களா?

வாடுதொட்டி:

கேட்கவில்லை அக்கா. எந்தப் பக்கம் வேலை செய்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள். சீசன் தொடங்குவதற்குள் முதலாளியிடம் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.