வியாழக்கிழமைக் கூலி

கம்பத்துப் பெண்:

அம்மா நமக்குச் செய்ததில் எதை முதலில் நினைப்பீர்கள் என்று இங்கே எல்லாரிடமும் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரு எழுத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. மலையாள 'ழ'.

எங்கள் தெருவில் "மலைக்குப் போறது" என்றால் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போவது. அம்மா இருபது வருசத்துக்கு மேல் போனாள். நாலரை மணிக்கு ஜீப் வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து, எனக்கும் தம்பிக்கும் மூடி வைத்துவிட்டு, தன் தூக்குவாளியில் பழைய குழம்பை ஊற்றிக்கொண்டு கிளம்புவாள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர் போவார்கள். கம்பம்மெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, வண்டன்மேடு பக்கம் இறங்கினால் அங்கிருந்து தோட்டத்துக்கு நடை.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை. பழுத்த காயை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சில் கை படக்கூடாது. ஒரு செடிக்குத் திரும்ப வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பிஞ்சு தேற வேண்டுமே. மழைக்காலத்தில்தான் அறுவடை சூடுபிடிக்கும். அட்டைப்பூச்சிக்குப் புகையிலையும் உப்பும் சேர்த்துத் துணியில் முடிந்து வைத்திருப்பாள். ராத்திரி காலைக் கழுவும்போது ரத்தம் கட்டிய இடங்களை நான் எண்ணியிருக்கிறேன். எண்ணினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "போய்ப் படிடி" என்பாள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அம்மா பேசாமல் வந்து உட்கார்ந்தாள். அந்த வாரச் சம்பளத்தில் ஒரு நாள் கூலி குறைந்திருந்தது. வியாழக்கிழமை வரவில்லை என்று நோட்டில் இருப்பதாகக் கணக்குப் பார்க்கிறவர் சொல்லியிருக்கிறார். அம்மா போயிருந்தாள். அன்றைக்கு மழையில் வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்ததுகூட ஆறவில்லை. ஆனால் நோட்டில் எல்லாம் மலையாளத்தில் இருந்தது. அம்மா தமிழில் ஐந்தாவது வரை படித்தவள். "காட்டினாக, எனக்கு அது கோடு கோடாத்தான் தெரிஞ்சது" என்றாள். அந்த ஒரு நாள் கூலி எங்களுக்கு ரெண்டு நாள் அரிசி.

அடுத்த வாரம் ஜீப்பிலிருந்து இறங்கியவள் கையில் சுருட்டிய மலையாளக் காலண்டர் ஒன்று. கம்பம்மெட்டு டீக்கடைச் சேச்சியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஆணியடித்து மாட்டினாள். மேல் வரிசையில் கிழமைகள். திங்கள், புதன், வெள்ளி, சனி எல்லாம் சொல்லும்போது நம் கிழமை மாதிரியே இருக்கும், எழுத்துத்தான் வேறு. வியாழனை அவர்கள் 'வியாழம்' என்பார்கள். அம்மா விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இங்கன பாரு, இது நம்ம 'ழ'வுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்தக் கிழமை வரிசையில் 'ழ' வேறு எதிலும் இல்லை. அம்மாவுக்கு வியாழக்கிழமை அடையாளம் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி சிலேட்டில் ரெண்டு எழுத்து. கிழமைகள் முடிந்து, தன் பெயர், பிறகு மாதங்கள். சந்தேகம் வந்தால் மறுநாள் சேச்சியிடம் கேட்டு வருவாள். நான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததாக அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். அது உண்மையில்லை. அவள் கற்றுக்கொண்டு வந்ததை நான் பக்கத்தில் இருந்து எழுதினேன், அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்து இன்னொரு தடவை குறைந்தது. இந்த முறை அம்மா நோட்டைத் திருப்பி வாங்கி, தன் பெயருக்கு நேரே விரலை ஓட்டி, எல்லாக் கிழமையையும் சத்தமாக வாசித்திருக்கிறாள். கணக்குப் பார்க்கிறவர் ஒன்றும் பேசவில்லையாம். எடுத்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வருகிற ஜீப்பில் மற்றப் பெண்களெல்லாம் "எனக்கும் பாருக்கா, எனக்கும் பாருக்கா" என்று கூலிச் சீட்டை நீட்ட ஆரம்பித்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், மனசில் கிடந்து உறுத்துகிறது. அதே வருசம் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தாயின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதினேன். அம்மா பார்க்கவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்குக் கேட்டுப் போனபோது பி.காம். படித்தவர்கள் நாலு பேர் வந்திருந்தோம். மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார் முதலாளி. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்திலிருந்து வருகிற துண்டுச் சீட்டுகள் முக்கால்வாசி மலையாளத்தில்தான் இருக்கும். தெரியும் என்றேன். எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான்.

2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து காய் வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த எண்ணைக் கணினியில் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கிலோ காய்ந்த காய்க்கு ஏறக்குறைய அஞ்சு கிலோ பச்சைக்காய் வேண்டும். அதை எடுக்க எத்தனை தடவை குனிய வேண்டும் என்று கணக்குப் போடப் பார்த்தேன். முடியவில்லை.

மூணாறு தம்பி:

அக்கா, உங்க அம்மாவைப் படிச்சதும் எங்க அம்மாவைப் பத்திச் சொல்லணும்னு தோணுச்சு. தேயிலைத் தோட்டம், தொழிலாளிங்களுக்குக் கொடுக்கிற லயத்து வரிசை வீடு. நான் அப்போ கோயம்புத்தூர்ல டிப்ளமா படிச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு வருசமும் என் பீஸ் கட்டுறது ஓணத்தை ஒட்டி வர்ற போனஸ்லதான். 2015ல அந்த போனஸைப் பாதியாக் குறைச்சிட்டாங்க. அப்போ ஒரு நாள் கூலி 232 ரூபாய்.

செப்டம்பர்ல பெண்கள் எல்லாம் மூணாறு ரோட்டுல இறங்கி உட்கார்ந்தாங்க, ஆயிரக்கணக்குல. பெம்பிளை ஒருமைன்னு பேரு, பெண்கள் ஒற்றுமைன்னு அர்த்தம். சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்துல விடலை. எங்க அம்மா என்கிட்ட போன்ல, "காய்ச்சலா இருக்குப்பா, வேலைக்குப் போகல, படுத்திருக்கேன்"னு சொன்னாங்க. மெஸ்ஸுல டிவி பார்த்துட்டிருந்தேன். கூட்டத்துல ரெண்டாவது வரிசையில அம்மா. அந்தப் பச்சை ஸ்வெட்டர் நான் வாங்கிக் கொடுத்தது. அங்கேயே சாப்பாட்டை வெச்சிட்டு எந்திரிச்சு வெளியே போயிட்டேன்.

ஒன்பது நாள். 20 சதவீத போனஸ் வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. அடுத்த மாசம் கூலியும் 301 ஆச்சு. நான் ஊருக்குப் போய், ஏம்மா பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். "பரீட்சை நேரம்டா" அப்படின்னாங்க. இத்தனை நாள் ரோட்டுல உட்கார்ந்தா கால் வலிக்கலையான்னு கேட்டதுக்கு, "சரிவுல நின்னு கொழுந்து எடுக்கிறவளுக்கு உட்கார்றது ஓய்வுதானே"ன்னாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்.

செங்கோட்டைக்காரர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கட்டி, மீட்டர்கேஜ் ரயிலில் ஆரியங்காவு தாண்டிப் புனலூர் சந்தைக்குப் போவார்கள். பதிமூணு கண் பாலத்தை எனக்கு முதலில் காட்டியது அவர்கள்தான், மடியில் உட்காரவைத்து. 2010இல் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியபோது பஸ்ஸில் சுமையோடு ஏறவிட மாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2018இல் ரயில் திரும்ப ஓடியபோது அம்மா இல்லை. முதல் வாரமே டிக்கெட் எடுத்துத் தனியாகப் போய் வந்தேன். ஜன்னலோரத்து இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பாலம் வரும்வரை அவர்கள் கூடை வைக்கிற கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கம்பத்து அக்கா, அம்மா இப்போதும் மலைக்குப் போகிறார்களா?

கம்பத்துப் பெண்:

இல்லைங்க அண்ணே. 2020 மார்ச்சில் எல்லையை அடைத்தபோது நின்றது. அப்புறம் முட்டிவலி, நாங்களும் விடவில்லை. மூணாறு தம்பி, உங்கள் அம்மா கதையை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பச்சை ஸ்வெட்டர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "ம், படி" என்றாள். நான் சொல்ல நினைத்ததும் அப்போதுதான் வாயில் வந்தது. அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு மாசம் வாசிக்கத் தெரியாதுல்ல" என்றாள்.

சனிக்கிழமை சாயந்தரம் எங்கள் திண்ணையில் இப்போதும் ஏழெட்டுப் பெண்கள் சீட்டோடு வருவார்கள். பாதிச் சீட்டு செல்போனில் படமாக வரும். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கிழமைகளை வாசிப்பாள், நான் கூட்டிச் சொல்வேன். இந்த வாரம் புதிதாகப் போக ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் குறைந்திருக்கிறது. செவ்வாய். அந்தப் பிள்ளை கேட்கப் பயப்படுகிறது. திங்கட்கிழமை நாலரை மணி ஜீப்பில் தானும் கூடப் போவதாக அம்மா சொல்லிவிட்டாள். முட்டிக்குப் போட எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.