கிழங்கு இலை மருந்துக்கு லைசென்ஸ் வாங்கினால் விற்கலாமா?

ஏத்தன்காரன், குலசேகரம்:
குத்தகைத் தோட்டத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். தண்டில் துளை, துளையில் ஜெல்லி மாதிரிப் பிசின். கூன்வண்டுதான். குலை தள்ளுகிற நேரத்தில் வாழை ஒடிந்து விழுகிறது. இதற்கு மரச்சீனி (மரவள்ளி) இலையிலிருந்தே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய அரசின் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் மருந்து எடுத்திருக்கிறது. “ஆடு தின்றால் சாகிற இலை, வண்டு மட்டும் பிழைக்குமா?” என்று அம்மா சிரிக்கிறார். கிழங்கு பிடுங்கினால் இலையெல்லாம் வரப்பில்தான் காய்கிறது. செய்முறையை வாங்கி ஒரு சின்ன யூனிட் போடலாம் என்று யோசனை. ஆனால் நிலையத்துக்குப் பணம் கட்டினாலும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்கிறார் ஒருவர். அரசாங்கம் கண்டுபிடித்ததை அரசாங்கமே தடுக்குமா? அப்புறம், எனக்கு மட்டும் தருவார்களா, அடுத்த மாதமே மார்த்தாண்டத்தில் இன்னொருவர் தொடங்கிவிடுவாரா?

உரக்கடை, தக்கலை:
அவர் சொன்னது சரிதான் அண்ணாச்சி. நிலையம் தருவது செய்முறை. ‘பூச்சியைக் கொல்லும்’ என்று விற்கப் போனால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்துவிடும். இலைச்சாறு என்றாலும் விலக்கு கிடையாது. முதலில் மத்திய அரசின் பதிவுக் குழுவில் பதிவு, பிறகு மாநிலத்தில் தயாரிப்பு லைசென்ஸ். பதிவுக்கு நச்சுச் சோதனை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற கணக்கு, எல்லாம் வேண்டும். செலவு அங்கேதான். எனவே ஒப்பந்தத்தில் கட்டணத்தைப் பார்க்கும் முன், சோதனைத் தரவை நிலையம் தருமா, பதிவு யார் பெயரில் என்று பாருங்கள். உங்கள் பயிருக்கு அடிப்பதை யாரும் கேட்க மாட்டார்கள், 38-ஆம் பிரிவு அதை விட்டுவிடுகிறது.

மலையோரம், பேச்சிப்பாறை:
‘எனக்கு மட்டும்’ என்பதை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் 1980 முதல் பே-டோல் சட்டம் இருக்கிறது; அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே சொந்தமாக்கி, ஒருவருக்கு மட்டும்கூட உரிமம் தரலாம். அதே சாயலில் இங்கே 2008-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. ஸ்ரீகாரியம் மாதிரி ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நிலையங்கள் தங்கள் சொந்த விதிப்படிதான் போகின்றன. பெரும்பாலும் பலருக்கும் தரும் உரிமம். வரிப்பணத்தில் வந்தது, எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இன்னொரு சட்டம் எங்கிருந்து குறுக்கே வரும் என்றும் சொல்ல முடியாது. 1987-இல் அகத்தியமலையில் காணிக்காரப் பழங்குடிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்து செய்தது. உரிமம் வாங்கிய கம்பெனி தருவது 10 லட்சம் ரூபாய் கட்டணம், 2 சதவீத ராயல்டி; இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. இப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டமே 2002-இல்தான் வந்தது, அதற்கு முன்பே கொடுத்தார்கள். ஆனால் காட்டிலிருந்து செடி எடுக்க வனத்துறை தடை போட்டது. காகிதத்தில் பங்கு இருந்தது, மருந்து செய்ய இலை போதவில்லை.

ஏத்தன்காரன்:
லேபிள் ஒட்டாமல் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓசியில் கொடுத்தால்?

உரக்கடை:
சட்டத்தில் ‘விநியோகம்’ என்றும் ஒரு வார்த்தை இருக்கிறது, அண்ணாச்சி.

ஏத்தன்காரன்:
சரி. இந்த வருஷம் என் வாழையோடு நிற்கிறேன். நாளை ஸ்ரீகாரியத்துக்கு பஸ் ஏறுகிறேன். முதல் கேள்வி, சோதனைத் தரவு யாருடையது.