யோசனைப் பெட்டியில் இரண்டே தாள்கள்

மூன்றாம்மாடி:
பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் ஓர் அரசுத் துறையில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். 'புதுமை காணும் பண்பாட்டை வளர்க்க வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது; பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாடிப்படி அருகே யோசனைப் பெட்டி வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் இரண்டே தாள்கள். ஒன்றில் 'மின்விசிறி சத்தம் போடுகிறது' என்றிருந்தது. மற்றது அந்தப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிய ரசீது! தேநீர் வேளையில் இதே ஆட்கள்தான் வண்டி வண்டியாக யோசனை சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

பழையகோப்பு:
எழுதினால் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிடுமே, ஐயா. நான் 31 ஆண்டு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம், எப்போதோ வழக்கொழிந்த ஒரு பதிவேட்டின் எண்ணைக் கேட்கும். அதை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். 'இல்லை' என்று எழுதினால் ஏற்றுக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஓர் இளநிலை உதவியாளர், கட்டத்தையே எடுத்துவிடலாமே என்றார். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஐந்து மேசை ஏறி இறங்கி, 'முன்னுதாரணம் உண்டா?' என்ற ஒற்றை வரியோடு வந்து சேர்ந்தது. முன்னுதாரணம் இருந்தால் அது எப்படிப் புதுமையாகும்?

அடுத்து வந்த அதிகாரி அதே கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'ஒரு கவுன்ட்டரில் மட்டும், 60 நாள், என் பொறுப்பில்.' அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்குப் பிறகுதான் எழுத்தருக்குத் துணிச்சல் வந்தது. தணிக்கையில் கேள்வி வராமலில்லை. அந்த ஓரக் குறிப்பைக் காட்டினோம், அதோடு முடிந்தது.

விமானத் துறையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். அனுப்புவது தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்புக்கு அல்ல, நாசாவுக்கு. அங்கே பெயரை நீக்கிவிட்டுத்தான் பாடத்தைப் பரப்புகிறார்கள். வேண்டுமென்று செய்யாத விதிமீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாக அபராதமும் உரிமத் தடையும் இல்லை. உங்கள் பெட்டியில் போட்டவருக்கு என்ன உறுதி கொடுத்தீர்கள்?

வடக்குவாசல்:
புதுமைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, வெளியிலிருந்து திறமைசாலிகளைக் கொண்டுவந்தால் என்ன?

பழையகோப்பு:
கொண்டுவரலாம். டென்மார்க் அரசில் புதுமைக்கென்றே 2002இல் தொடங்கிய மைண்ட்லாப் என்ற பிரிவு 2018இல் மூடப்பட்டது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த 18எஃப் என்ற பிரிவு 2014இல் பிறந்து 2025இல் கலைக்கப்பட்டது. இரண்டும் உருப்படியான வேலை செய்தவைதாம். ஆனால் ஒதுக்குப்புறமாக இருக்கும் பிரிவை ஒரே உத்தரவில் மூடிவிடலாம். ஒன்பதாவது கட்டத்தைப் படிவத்தில் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஐந்து மேசை ஏற வேண்டும்! (சோம்பேறித்தனம் நமக்குச் சாதகமாகும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.)

மூன்றாம்மாடி:
பெட்டியைக் கழற்றிவிட்டேன். தேநீர் வேளையில் காதில் விழுந்தவற்றில் ஒன்றை, தபால் பிரிவில் ஒரே கடிதத்தை மூன்று பதிவேடுகளில் ஏற்றுவதை, குறிப்பாக எழுதியிருக்கிறேன். சொன்னவர் பெயர் அதில் இல்லை, கையெழுத்து என்னுடையது. திங்களன்று மேலதிகாரியிடம் அந்த இரண்டு சொற்களைக் கேட்கப் போகிறேன். பூட்டு ரசீது வீண்போகவில்லை. கணக்குப் பிரிவு மூன்று மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.