மறுமொழி: ‘வேக்யூம்’ – வெற்றிடமாக்கலா, தூர்வாரலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளத்தில் பழைய வரிசைகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மீட்கும் ‘வேக்யூம்’ கட்டளைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மாணவர்களுக்காகப் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் அன்றாட வேலைகளைப் பற்றிச் சின்னதாக ஒரு கையேடு எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்திலேயே வேக்யூம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. அதனால் நானும் வாயைத் திறக்கிறேன்.

> வெற்றிடமாக்கல் என்பதே நேரான சொல். மூலச்சொல்லின் பொருள் அப்படியே வருகிறது.

வருகிறது, தொல்லையே அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மதுரை அண்ணா நகரில் நான் எடுக்கும் வகுப்பில் இதைப் பலகையில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், இதை ஓட்டுனா டேபிள்ல இருக்குறதெல்லாம் போயிருமா?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. வெற்றிடமாக்கு என்றால் காலி பண்ணு என்றுதானே யாருக்கும் படும்? காலி பண்ணுவதற்கென்றே ட்ரங்கேட் என்று வேறு கட்டளை இருக்கிறது. "அட்டவணையை வெற்றிடமாக்கவும்" என்று எங்காவது எழுதிவைத்து, அதை நம்பி ஒருவர் ட்ரங்கேட் அடித்துவிட்டால் பழி நம் தலையில்தான் விழும்.

> அப்படியானால் பெருக்குதல்? அல்லது கூட்டுதல்?

நானும் ஒரு நாள் இதில் மயங்கினேன். வாசல் கூட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஆனால் தரவுத்தளத்தில் ‘கூட்டு’ என்றால் தொகை போடுவது, ‘பெருக்கு’ என்றால் பெருக்கற்கணக்கு. ‘கழித்தல்’ என்று போகலாமே என்று பார்த்தால் அதுவும் கணக்கு வாத்தியார் கையில். நம் ஊரில் குப்பையைத் தள்ளும் சொல் எல்லாமே வாய்ப்பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. துப்புரவு மோசமில்லை. ஆனால் பழைய பதிவுக் கோப்புகளை அழிப்பதும் துப்புரவுதான், தற்காலிகக் கோப்புகளைக் கழிப்பதும் துப்புரவுதான். பொதுச்சொல்லாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, வேக்யூம் உண்மையில் என்ன செய்கிறது? போஸ்ட்கிரஸில் அட்டவணையின் ஒரு வரிசையை (ரோ) திருத்தினால் பழையதை அழித்து அதே இடத்தில் எழுதாது. பழையதை அப்படியே விட்டுவிட்டு, திருத்திய வரிசையைப் புதிதாக எழுதும். அந்த நேரத்தில் பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர் கலங்காமல் படித்து முடிக்கட்டும் என்று அந்த ஏற்பாடு. யாருக்கும் தேவைப்படாத பிறகும் பழைய வரிசை கோப்பிலேயே கிடக்கும். அதைத் தேடிப் பிடித்து, "இந்த இடத்தில் இனி எழுதலாம்" என்று குறித்துவைப்பதுதான் வேக்யூம். கோப்பின் வால்பகுதி மொத்தமாகக் காலியாக இருந்தால் அதை மட்டும் வெட்டி இயங்குதளத்திடம் கொடுக்கும். மற்றபடி கோப்பின் அளவு குறையாது.

இது என் மண்டையில் ஏறியது ஒரு சித்திரைத் திருவிழாவில். பூ வியாபாரிகளுக்கான விலைப்பலகைச் செயலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மல்லி, பிச்சி, சம்பங்கி, கடைவாரியாக எல்லாம் சேர்த்து விலை அட்டவணையில் 300 வரிசை இருக்கும். விலை மாறினாலும் மாறாவிட்டாலும் 10 விநாடிக்கு ஒருமுறை 300 வரிசையையும் திருத்தி எழுதும் நிரல். அதை எழுதிய புண்ணியவான் நான்தான். அதுகூடப் பரவாயில்லை. எதிர்சேவைக்கு முந்தின நாள் வேறொரு அட்டவணையில் ஒரே ஒரு வரிசையைத் திருத்திப் பார்க்க பிகின் போட்டு ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) தொடங்கியவன், அதை உறுதிசெய்யும் கமிட்டும் போடாமல் கைவிடும் ரோல்பேக்கும் போடாமல், திரையைப் பூட்டிவிட்டு அழகரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் 300 வரிசை அட்டவணை 1 ஜிபியைத் தாண்டியிருந்தது. தானாக ஓடும் வேக்யூம் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. ஆனால் முடியாமல் கிடந்த என் பரிவர்த்தனைக்குப் பிறகு செத்த எந்த வரிசையிலும் கை வைக்க அதற்கு அனுமதி இல்லை. அந்த அமர்வை மூடினேன். அடுத்த சுற்றில் செத்ததெல்லாம் ஒழிந்தது. கோப்பு மட்டும் கிட்டத்தட்ட அதே 1 ஜிபியிலேயே நின்றது.

பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். திரையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "டேபிள் தூந்துபோச்சுப்பா."

எனக்குச் சொல் கிடைத்தது அங்கேதான். கண்மாயில் வண்டல் படிந்து மேடிட்டால் தூர்ந்துபோச்சு என்கிறோம். கரை அதே கரை, மடையும் கலுங்கும் அதே இடம், தண்ணீர்தான் பாதி நிற்கும். தூர்வாரினால் கண்மாய் சின்னதாவதில்லை, கொள்ளளவு திரும்புகிறது. கோப்பு அளவு குறையாது, உள்ளே இடம் கிடைக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் இது. வேக்யூம் ஓட்டியும் வட்டில் இடம் கூடவில்லையே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு வசதி, ஒரே வேரிலிருந்து குடும்பமே கிடைக்கிறது. செத்த வரிசைகள் சேர்ந்து அட்டவணை ஊதிப்போகும் ப்ளோட்டுக்குத் தூர்வு. வேக்யூமுக்குத் தூர்வாரல். ஆட்டோவேக்யூமுக்குத் தன்தூர்வாரி. "அட்டவணை தூர்ந்திருக்கிறது" என்று பயனிலையாகவும் போடலாம். ‘வீக்கம்’ என்று முன்பு ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டால் அதற்கு வைத்தியம் என்ன என்று வேறொரு சொல் தேட வேண்டும்.

> கண்மாயை வற்றிய பிறகுதானே தூர்வார முடியும்? வேக்யூம் ஓடும்போது வாசிப்பும் எழுத்தும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

யாழ்ப்பாண நண்பரின் இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வண்டியூர்க் கண்மாயோ மாடக்குளமோ, தண்ணீர் கிடக்கும்போது யாரும் மண் அள்ள இறங்குவதில்லை. வகுப்பிலும் இதே மாதிரி ஒன்று வந்தது: "அள்ளுன மண்ணை எங்க சார் கொட்டும்?" எங்கேயும் கொட்டாது, அதன் மேலேயே புது வரிசை எழுதிக்கொள்ளும் என்றேன். பையன் தலையாட்டினான், ஆனால் நம்பிய மாதிரித் தெரியவில்லை. ஆக உவமை இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. இருந்தாலும் தரவெல்லாம் போய்விடும் என்ற பயத்தை இந்தச் சொல் கிளப்பவில்லை. எனக்கு அது பெரிது.

அடுத்து வேக்யூம் ஃபுல். இதற்கு ‘முழுத்தூர்வாரல்’ என்று தயவுசெய்து போட வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர வேலை வேறு. உயிருள்ள வரிசைகளை மட்டும் புதுக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பழைய கோப்பைத் தூக்கி எறியும். அதுவரை இரண்டு கோப்புக்கும் வட்டில் இடம் வேண்டும். அந்த நேரம் முழுக்க அட்டவணையைப் பூட்டிவைக்கும், வாசிக்கக்கூட விடாது. பட்டப்பகலில் ஓட்டினால் ஃபோன் வரும். என் 1 ஜிபி விலை அட்டவணைக்குக் கடைசியில் ஓட்டியது இதைத்தான், உயிரோடு இருந்தது 300 வரிசை என்பதால் கண் இமைப்பதற்குள் முடிந்தது.

இதற்குப் ‘பெயர்த்தெழுதல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். நைந்துபோன ஓலைச்சுவடியைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதுவது நமக்குப் பழைய பழக்கம். பழைய பேரேட்டில் நிலுவை உள்ள கணக்குகளை மட்டும் புதுப் பேரேட்டுக்குக் கொண்டுபோவதும் கிட்டத்தட்ட இதுவே. இன்னொன்றும் பாருங்கள், எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளிலும் வேக்யூம் என்று ஒரு கட்டளை உண்டு. அது தரவுத்தளக் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதி அளவைக் குறைக்கும். பெயர் வேக்யூம், வேலை பெயர்த்தெழுதல். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வேலைக்கு நிற்கும்போது நாம் எதற்கு அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? கட்டளையை எப்படியும் ஆங்கிலத்தில்தான் அடிக்கப்போகிறோம். விளக்கத்திலாவது பிரித்துச் சொல்வோம்.

அனலைஸ் என்ற கட்டளையைப் பற்றிச் சுருக்கமாக. பகுப்பாய்வு என்பது அதற்குப் பெரிய வார்த்தை. அது செய்வது, இயல்பு அமைப்பில் பெரிய அட்டவணையானால் 30,000 வரிசையை அங்கங்கே கிள்ளிப் பார்த்து, மொத்தம் இப்படி இருக்கும் என்று குறித்துவைப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. ‘பதம்பார்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். "கத்தி கையைப் பதம்பார்த்தது" என்றும் சொல்வோமே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

மெயின்டெனன்ஸுக்கு ‘மராமத்து’ என்று முன்பொரு முறை நான் எழுதியதற்கு, அது தமிழே இல்லை என்று ஒரு கோபம் வந்திருந்தது. பராமரிப்பும் வடமொழிவழி வந்ததுதான். குடிமராமத்து என்று இந்தப் பக்கம் எந்த ஊரில் சொன்னாலும் புரியும். எனக்கு அது போதும்.

முட்டி நிற்பது ஃப்ரீஸ் என்ற சொல். தரவை மாற்றும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு எண் உண்டு, எது முந்தியது என்று அதை வைத்துத்தான் தெரியும். அந்த எண் 32 பிட், ஏறக்குறைய 429 கோடி. தீர்ந்தால் சுற்றி மறுபடி தொடக்கத்துக்கு வரும். நம் அறுபது ஆண்டுச் சுழற்சி மாதிரிதான்: பத்திரத்தில் சர்வசித்து ஆண்டு என்று மட்டும் இருந்தால் அது 1947ஆ 2007ஆ? எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாமல் போகும். அதனால் ஒரு எண்ணுக்குப் பின்னால் பாதி கடந்தது, முன்னால் பாதி இனி வருவது என்று வைத்திருக்கிறார்கள். ரொம்பப் பழைய வரிசைகளுக்கு "இது எல்லாருக்கும் எப்போதும் கடந்த காலம்" என்று முத்திரை குத்திவிடுவதும் (இதுதான் ஃப்ரீஸ்) தூர்வாரலின் வேலை. இயல்பு அமைப்பில், அட்டவணையின் வயது 20 கோடி பரிவர்த்தனையைத் தாண்டினால், தன்தூர்வாரியை அணைத்துவைத்திருந்தாலும் அது தானே எழுந்து வந்து இதைச் செய்யும்.

எண் இப்படிச் சுற்றி வரும் வ்ராப்அரவுண்டுக்குச் ‘சுழற்சி’ என்று நான் ஓட்டிவிடுவேன். ஃப்ரீஸுக்கு ‘உறையவைத்தல்’ என்று எழுதினால் அட்டவணை நகராமல் நின்றுவிட்டது, தொங்கிவிட்டது என்று படிக்கிறார்கள். ‘பழமுத்திரை’ என்று ஒன்று தோன்றியது, சத்தமாகச் சொன்னால் பழக்கடை ஞாபகம் வருகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று காலை பத்து மணிக்கு அடுத்த வகுப்பு, அந்தப் பக்கத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.