வினையூக்கி செலவாகாது என்றால் எடை ஏன் குறைகிறது? "மாற்றத்தின் வினையூக்கி" என்ற உவமை சரியா?

செம்பரிதி கேட்டது:

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு வினையூக்கம் பற்றி இரண்டு பாடவேளை எடுக்க வேண்டும். முதல் வேளையில் செய்முறை. இரண்டாவதில், பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வரும் "மாற்றத்துக்கு வினையூக்கியாக இருந்தார்" என்ற உவமை வேதியியல்படி எவ்வளவு தூரம் நிற்கும் என்று மாணவர்களே அலசிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

செய்முறை இது: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 50 மி.லி., அதில் மாங்கனீசு டை ஆக்சைடு தூள் 0.50 கிராம். நுரை அடங்கியதும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி நிறுத்தால் 0.43 கிராம்தான் வருகிறது. கரும்பலகையில் "செலவாகாது" என்று எழுதிவிட்டு இந்த எண்ணைக் காட்ட முடியாது. மீதி எங்கே போகிறது?

உவமை: "வினையில் பங்குகொள்ளாமல் வேகத்தை மட்டும் கூட்டும் பொருள்" என்றுதான் பல கையேடுகளில் வரையறை இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றத்துக்கு வினையூக்கி என்று நாம் சொல்கிற ஆள் அதில் முழுசாக இறங்கி வேலை செய்தவர். தவறு உவமையிலா, வரையறையிலா?

வடிதாள்:

எடைக் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். 0.07 கிராம் ஒரே வழியில் போகவில்லை.

முதலில் ஈரம். புட்டியிலிருந்து எடுத்த தூளை அப்படியே நிறுத்தால் அதிலுள்ள ஈரமும் சேர்ந்துதான் 0.50. வினைக்கு முன்பே 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலம்) ஆறவிட்டு நிறுக்க வேண்டும். வடிதாளையும் அதேபோல உலர்த்தி, தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் உலர்த்தும்போது அவசரப்பட்டு பர்னரில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம். 500 டிகிரியைத் தாண்டினால் மாங்கனீசு டை ஆக்சைடே ஆக்சிஜனை விட்டுவிட்டு வேறு ஆக்சைடாக மாறும். அப்போது குறையும் எடைக்கும் உங்கள் வினைக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்தது நுரையும் வடிகட்டலும். 50 மி.லி. 3% கரைசல் அரை லிட்டர் ஆக்சிஜன் தரும், வெப்பமும் 20 டிகிரி அளவுக்கு ஏறும். வெடிக்கும் குமிழ்கள் மென்தூளைக் குடுவைச் சுவரிலும் வெளியிலும் தெளித்துவிடும். மீதியில் ஒரு பங்கு சாதாரண வடிதாளின் துளைகள் வழியாகவே இறங்கிவிடும். வடிநீர் லேசாகப் பழுப்பாக இருந்தால் இதுதான் காரணம். மென்தூளுக்குப் பதில் குருணையாகக் கிடைக்கும் மாங்கனீசு டை ஆக்சைடு வாங்குங்கள், 250 மி.லி. கூம்புக் குடுவையில் செய்யுங்கள், வாயில் சிறு புனலைக் கவிழ்த்து வையுங்கள். அடைப்பான் மட்டும் கூடவே கூடாது, குடுவை உடையும்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. கடைகளில் வரும் பெராக்சைடு தானாகச் சிதையாமலிருக்கப் பெரும்பாலும் அதில் சிறிதளவு அமிலம் சேர்த்திருப்பார்கள். அமிலம் இருந்தால் மாங்கனீசு டை ஆக்சைடு வினையூக்கியாக மட்டும் நிற்காது; பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து மாங்கனீசு(2+) அயனியாகக் கரைந்துவிடும். கரைந்தது வடிநீரோடு போய்விடும். லிட்மஸ் தாளால் முன்கூட்டியே பார்த்து, அமிலம் தெரிந்தால் மிக நீர்த்த சோடியம் பைகார்பனேட் கரைசல் சில துளி விட்டு நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் விட்டால் பெராக்சைடு தானாகவே சிதையத் தொடங்கும்.

இத்தனையும் செய்தாலும் எடை ஒன்றிரண்டு மில்லிகிராம் முன்பின் வரும். என்னைக் கேட்டால் எடையை நிரூபணமாக வைப்பதையே விட்டுவிடலாம். தூள் 0.1 கிராம் போதும். நுரை அடங்கியதும் தூளைப் படியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டுப் புதிய பெராக்சைடு 50 மி.லி. ஊற்றுங்கள், மறுபடி அதே வேகத்தில் பொங்கும். மூன்றாம் முறையும் அப்படியே. ஒவ்வொரு 50 மி.லி.யிலும் 1.5 கிராம், அதாவது 0.044 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) பெராக்சைடு. நீங்கள் போட்ட மாங்கனீசு டை ஆக்சைடு 0.00115 மோல்தான். முதல் ஊற்றலிலேயே 38 மடங்கு. செலவாகும் பொருளாக இருந்தால் இந்தக் கணக்கு வரவே வராது என்பதை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

கோபால்ட்_பச்சை:

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேர் பதில்: வரையறைதான் தவறு. பங்குகொள்ளாத பொருளால் எதையும் வேகப்படுத்த முடியாது. வினையூக்கி வினைபடு பொருளோடு பிணைகிறது, ஓர் இடைநிலைச் சேர்மம் உருவாகிறது, அது உடையும்போது விளைபொருள் கழன்று வினையூக்கி பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இந்தப் பாதையில் ஏற வேண்டிய உயரம் குறைவு, அதாவது கிளர்வுறு ஆற்றல் குறைவு. பெராக்சைடு தனியாகச் சிதைய மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல்; அயோடைடு அயனி இருந்தால் சுமார் 56. மற்றவை மாறாது என்று வைத்துக்கொண்டால் இந்த 19 கிலோஜூல் வித்தியாசமே அறை வெப்பநிலையில் வேகத்தை 2,000 மடங்குக்கு மேல் கூட்டிவிடும்.

இந்தத் திரும்பி வருதலைக் கண்ணாலேயே பார்க்க ஒரு செய்முறை இருக்கிறது. உங்கள் வகுப்புக்கு மாங்கனீசை விட இதுதான் பொருத்தம்.

பொட்டாசியம் சோடியம் டார்டரேட் 5 கிராமை 65 மி.லி. நீரில் கரைத்து, 6% பெராக்சைடு 20 மி.லி. சேர்த்து, 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வர வேண்டும். ஆனால் சில குமிழ்களுக்கு மேல் எதுவும் தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கி, கோபால்ட் குளோரைடு 0.2 கிராமை 5 மி.லி. நீரில் கரைத்த இளஞ்சிவப்புக் கரைசலை ஊற்றுங்கள். முதலில் இளஞ்சிவப்பு. பிறகு அது பச்சையாக மாறும், கூடவே பலமாக நுரைத்து எழும்பும். பெராக்சைடு தீர்ந்ததும் நுரை அடங்கி இளஞ்சிவப்பு திரும்பும். பச்சை என்பது கோபால்ட்(3+) டார்டரேட்டோடு பிணைந்திருக்கும் இடைநிலை. பங்குகொண்டதும் தெரிகிறது, மீண்டு வந்ததும் தெரிகிறது.

பச்சையாக இருக்கும் அந்தச் சில நொடிக்குள் சொட்டுக்குழாயால் கொஞ்சம் உறிஞ்சி, பனிக்கட்டியில் வைத்த சோதனைக் குழாயில் விட்டால் பச்சை அப்படியே நிற்கும். கையால் பிடித்துச் சூடேற்றினால் சிவக்கத் தொடங்கும். கடைசி வரிசை மாணவருக்கும் இது தெரிய வேண்டுமானால் குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள்.

எங்கே கெடும்: பீக்கர் 100 மி.லி. என்றால் நிச்சயம் வழியும், 250 எடுங்கள், கீழே தட்டு வையுங்கள். 80 டிகிரிக்குப் போய்விட்டால் பச்சை வந்து போவதே கண்ணில் படாது. 50 டிகிரியில் மெதுவாக நடக்கும், பார்க்க வசதி. பழைய பெராக்சைடு நீர்த்துப் போயிருந்தால் பச்சை வரவே வராது. முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரும்புப்படுகை:

வரையறையைத் திருத்திக்கொண்டால் உவமை நன்றாகவே நிற்கும், ஆனால் பேச்சில் அதற்குக் கொடுக்கும் பெருமை குறையும். மாணவர்கள் அலச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நடக்க வாய்ப்பே இல்லாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்த முடியாது. வினை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆற்றல் கணக்கு முன்பே முடிவுசெய்துவிட்டது. அமோனியா தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 400 முதல் 500 டிகிரி, 200 வளிமண்டல அழுத்தத்துக்குப் பக்கத்தில், இரும்புப் படுகை வழியாக வாயு ஒருமுறை போகும்போது 15 விழுக்காடு அளவுக்குத்தான் அமோனியாவாகிறது. இரும்பை இரண்டு மடங்காக்கினால் சமநிலையை (முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலை) விரைவில் நெருங்கலாம், அதைத் தாண்ட முடியாது. சமநிலையை நகர்த்த அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், வெப்பநிலையைக் குறைக்க வேண்டும், அல்லது உண்டான அமோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு மீதி வாயுவைத் திரும்பச் சுற்றில் விட வேண்டும். ஆலைகளில் செய்வது கடைசியாகச் சொன்னது. அதே இரும்பு அமோனியாவை உடைக்கவும் அதே அளவுக்கு உதவும். முன்னோக்கிய வினையை மட்டும் வேகப்படுத்தும் வினையூக்கி கிடையாது. ஆக, "அவர் வந்ததால் மாற்றம் நடந்தது" என்பதை விட, "நடக்கக் காத்திருந்தது, அவர் வந்ததால் இந்தத் தலைமுறையிலேயே நடந்தது" என்பதுதான் வேதியியலுக்கு நெருக்கமான வாக்கியம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் வினையூக்கியைக் குறைத்து மதிப்பிட்டதாகும். நடக்க வாய்ப்புள்ளவை பல இருக்கும்போது எது நடக்கும் என்பதை அதுதான் தேர்ந்தெடுக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரே வாயு: நிக்கல் மேல் விட்டால் மீத்தேன், தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த படுகையில் மெத்தனால், கோபால்ட் அல்லது இரும்பு மேல் நீள்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். எத்திலீனும் ஆக்சிஜனும் சேர்ந்தால், வெள்ளி மேல் எத்திலீன் ஆக்சைடு கிடைக்கும். பிளாட்டினம் மேல் எல்லாம் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும்தான் மிஞ்சும். ஒரே நெருக்கடி, ஒரே மக்கள், ஆனால் யார் முன்நின்றார் என்பதைப் பொறுத்து விளைவு வேறாகிறது என்று வரலாற்றில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இணை வேறில்லை. உவமையின் உண்மையான பலம் வேகத்தை விட இந்தத் தெரிவுத் திறனில்தான் இருக்கிறது.

பிணைப்பின் அளவும் பேச வேண்டியது. நைட்ரஜன் மூலக்கூறு உலோகப் பரப்பில் ஒட்டி உடைவதுதான் அமோனியா வினையின் மெதுவான படி. 2007இல் நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் எர்ட்ல் இதைத் தெளிவாகக் காட்டினார். டங்ஸ்டன் நைட்ரஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாது. பிளாட்டினம் பிடிப்பதே இல்லை. இரும்பு, ஆஸ்மியம், ருத்தேனியம் இடையில் நிற்கின்றன. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் அமோனியா தயாரிப்பை ஆஸ்மியத்தில் செய்துகாட்டினார். ஆலைகளுக்கு வேண்டிய அளவு ஆஸ்மியம் உலகிலேயே கிடையாது என்பதால் வேதியியலாளர் ஆல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) பொட்டாஷும் (பொட்டாசியம் சேர்மம்) சிறிதளவு சேர்ந்த இரும்புக்கு வந்து சேர்ந்தது. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அந்தச் சிறிதளவு பொருள்கள் தனியாக வினையை ஊக்குவதில்லை. அலுமினா இரும்புத் துகள்கள் உருகி ஒட்டாமல் பிரித்து வைக்கிறது, பொட்டாசியம் நைட்ரஜன் உடைவதை எளிதாக்குகிறது. பின்னணியில் நின்றவர்களைப் பற்றிப் பேச இது நல்ல இடம்.

வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் நச்சையும் விட்டுவிடாதீர்கள். கந்தகம் மிகச் சிறிதளவு கலந்தாலே படுகை செத்துவிடும், ஏனென்றால் வேலை செய்வது பரப்பிலுள்ள சில இடங்கள் மட்டும்தான். அவற்றை மூடினால் போதும், மொத்த இரும்பையும் தொட வேண்டியதில்லை. முன்பு விற்ற ஈயம் கலந்த பெட்ரோல் வாகன வினையூக்க மாற்றியை (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) கெடுத்ததும் இதே வழியில்தான்.

செம்பரிதி:

அருமை, மூவருக்கும் நன்றி. கோபால்ட் செய்முறையை எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: மாணவர்கள் தீப்பொறியையும் வினையூக்கி என்றே சொல்கிறார்கள். "ஒரு சம்பவம் வினையூக்கியாக அமைந்து கலவரம் வெடித்தது" என்று செய்திகளில் வருவது எந்த வகை?

பிசின்_பட்டறை:

அது தொடக்கி, வினையூக்கி அல்ல. தீப்பொறி ஆற்றலைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகிறது. அதன்பின் வினை தன் வெப்பத்திலும் தனி உறுப்புச் சங்கிலியிலும் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று உண்டாக்கிக்கொண்டே போகும் தொடர்) தானே ஓடுகிறது. பொறியை எடுத்துவிட்டாலும் நிற்காது. பிளாட்டினம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பொறி இல்லாமலே சேர்க்கும். தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகாதவரை, பிளாட்டினத்தை எடுத்த கணமே வினை நின்றுவிடும். எடுத்தால் நிற்குமா, ஓடுமா? இந்த ஒரு சோதனையே போதும்.

கண்ணாடி இழை வேலையில் பாலியெஸ்டர் பிசினுக்கு ஊற்றும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடைப் பட்டறையில் எல்லோரும் "கேட்டலிஸ்ட்" என்றே சொல்வார்கள். பிசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. அது உடைந்து செலவாகிறது, எனவே அதுவும் தொடக்கியே. உண்மையான வினையூக்கி, "ஆக்சிலரேட்டர்" என்ற பெயரில் வரும் கோபால்ட் உப்பு. அது 2+ நிலைக்கும் 3+ நிலைக்கும் மாறி மாறிப் பெராக்சைடை உடைத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் பிசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகே பெராக்சைடு. இதை வகுப்பில் சொல்லுங்கள், செய்துகாட்ட வேண்டாம்.

மெதுவாகத் தொடங்கித் திடீரென வேகமெடுக்கும் மாற்றங்களுக்கு மூன்றாவது வகை இருக்கிறது: தன் வினையூக்கம். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 10 மி.லி., 1 மோலார் கந்தக அமிலம் 10 மி.லி. கலந்து, அறை வெப்பநிலையில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1 மி.லி. விடுங்கள். நிறம் போகச் சில நிமிடம் ஆகும். அடுத்த 1 மி.லி. அதைவிட விரைவாக வெளுக்கும், அதற்கடுத்தது இன்னும் விரைவு. விளைபொருளான மாங்கனீசு(2+) தான் வினையூக்கி. பக்கத்தில் இன்னொரு குடுவையில் தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட் போட்டு வைத்தால் முதல் மி.லி.யே சட்டென வெளுக்கும். சூடாக்கிச் செய்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், ஆகவே அடுப்பு வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் நச்சு. வாயால் பிப்பெட் உறிஞ்சக் கூடாது.

வடிதாள்:

கோபால்ட் செய்முறைக்கு ஒரு சேர்க்கை. கோபால்ட் குளோரைடு தோலிலும் நுரையீரலிலும் ஒவ்வாமை தரக்கூடியது, தூளாக மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். கரைசலை நீங்களே கையுறையோடு முன்கூட்டித் தயாரித்துக்கொள்ளுங்கள். 6% பெராக்சைடும் கண்ணுக்கு ஆபத்து, எல்லோருக்கும் கண்ணாடி தேவை. முடிந்தபின் இளஞ்சிவப்புக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் "கன உலோகக் கழிவு" என்று எழுதிய புட்டியில் சேருங்கள். முழுதும் ஆறி, குமிழ் வருவது நின்றபின் ஊற்றுங்கள், மூடியை ஓர் இரவு தளர்வாகவே விடுங்கள். மீந்த பெராக்சைடு உள்ளே வாயு விட்டுக்கொண்டிருந்தால் இறுக மூடிய புட்டி பிளந்துவிடும்.